உள்ளது உள்ளபடி ஒரு படம்

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என் புகைப்படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பவும் புகைப்படத்தைப் பார்த்தாள்.

"இது யாரு மேடம்?"

"நான்தான்" என்றேன்.

"உங்க தங்கச்சி படத்தை மாத்திக் கொண்டு வந்துட்டீங்களோ?"

எனக்குத் தங்கை கிடையாது. இருப்பது ஒரு நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா. அவளை யாராவது என் தங்கை என்று சொன்னால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கோபம் வரும். நாங்கள் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

நான் நின்றுகொண்டிருந்தது விசா அலுவலகத்தில். மகளுக்குத் தலைப்பிரசவம். தூர தேசத்தில் அவளும் மருமகனும் மட்டும் இருக்கிறார்கள். மருமகன் தங்கமான பிள்ளை. ஆனால் வெந்நீர் போடச் சொன்னால்கூட வீடியோ பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பான். "அம்மா, நீ வந்துடுவ இல்ல?" என்று மகள் ஒவ்வொரு போனிலும் கேட்டாள். வந்துவிடுவேன், வந்துவிடுவேன் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். பெட்டிகூடப் பாதி கட்டியாகிவிட்டது. இந்த ஜன்னலில் தாள்களைக் கொடுத்துவிட்டால் மீதியையும் கட்டிவிடலாம்.

அந்தப் பெண் புகைப்படத்தைத் தடுப்பின் மேல் ஒட்டி வைத்து, என் பக்கம் திருப்பிக் காட்டினாள். படத்தில் இருந்தவள் நல்ல மாநிறமாக, ஒரே சீராக, சோப்பு விளம்பரத்தில் வருகிற அம்மாவைப் போல இருந்தாள். எனக்கு அப்படி ஒரு முகம் இருந்து வெகு காலமாகிறது. இடது கண்ணைச் சுற்றி வெள்ளை, வாயோரம் வெள்ளை, இரண்டு கைகளிலும் விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை வெள்ளை. வெண்புள்ளி என்று அதற்குப் பெயர். என்னைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் தெரிவது அதுதான். படத்தில் அது ஒரு பொட்டுக்கூட இல்லை.

"திருத்தின படத்தை நாங்க வாங்க மாட்டோம் மேடம். இப்ப கேமராவுல உங்களை எடுத்தேன் இல்ல, அதோட இது ஒத்துப்போகல. மெஷின் சிவப்பு விளக்கு காட்டுது."

நான் திரும்பிப் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். படம் எடுத்தது அவர். எங்களுடையது புகைப்படக் கடை.

"நான் ஒண்ணுமே பண்ணலையே" என்றார் அவர். "பின்னாடி வெள்ளையாக்கி, அளவு வெட்டினேன். அவ்வளவுதான்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். கடைக்கு வருகிற எந்த முகத்தையும் அவர் கை சும்மா விடாது. பருவோடு வந்த பையன் பரு இல்லாமல் போவான், தூங்காமல் வந்தவள் நன்றாகத் தூங்கி எழுந்தவளாகப் போவாள். வாடிக்கையாளரோடு அரட்டை அடித்துக்கொண்டே செய்வார், கண் ஒரு பக்கம் இருக்கும், கை ஒரு பக்கம் ஓடும். நாம் வெங்காயம் உரிக்கும்போது தோலை எறிவதற்கு யோசனையா செய்கிறோம்? அந்த மாதிரி. என் முகத்திலிருந்து என்னை உரித்துப் போட்டுவிட்டு, ஒன்றுமே செய்யவில்லை என்று அந்த மனிதர் சத்தியம்கூடப் பண்ணுவார்.

"இன்னைக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள புதுப் படம் கொண்டு வாங்க, எடுத்துக்கறேன்" என்றாள் ஜன்னல் பெண். "விட்டா அடுத்த தேதி..." என்று கணினியைப் பார்த்துவிட்டு ஒரு தேதி சொன்னாள். அந்தத் தேதிக்குள் என் பேரனோ பேத்தியோ பிறந்து, குளித்து, சண்டை போடவே ஆரம்பித்திருக்கும்.

"வாசல்லயே போட்டோ எடுக்கற பெட்டி இருக்கு சார். காசு போட்டா அதுவே எடுத்துக் கொடுத்துரும்."

இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவரிடம் போய் அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசலாமா? பாதி வியாபாரத்தை அதுதான் தின்றுவிட்டது என்று வீட்டில் தினமும் திட்டு வாங்குகிற பெட்டி அது.

எனக்கு அவர் ரோஷமெல்லாம் பொருட்டில்லை. மகளுக்காக நான் பெட்டிக்குள்ளும் உட்காருவேன், கிணற்றுக்குள்ளும் உட்காருவேன். வாசல் வரை போய்த் திரைச்சீலையைக்கூட விலக்கிவிட்டேன். அப்போதுதான் ஒரு பிடிவாதம் வந்தது. இதற்குள் உட்கார்ந்து எடுத்துக்கொண்டால் இவர் சுலபமாகத் தப்பித்துவிடுவார். அழித்தவர் இவர். இவரே திரும்பக் கொண்டுவரட்டும்.

"கடைக்குப் போகலாம் வாங்க" என்றேன். "இப்ப கிளம்பினா போயிட்டுத் திரும்பிடலாம்."

"இல்லம்மா, நேரம்..."

"உங்க கையாலதான் எடுக்கணும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் நான், பக்கத்தில் அவர். நான் வாயைத் திறக்கவில்லை. நான் பேசாமல் இருந்தால் அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. பயணச்சீட்டை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

எனக்கு இது வந்தபோது மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். விரலில் ஒரு புள்ளியாகத்தான் ஆரம்பித்தது. பாத்திரம் துலக்குகிற பொடி என்று நினைத்து, பொடியை மாற்றினேன். அது பாட்டுக்கு வளர்ந்தது. நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, தொழுநோயின் பெயரைச் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னாள். பாலையும் மீனையும் சேர்த்துச் சாப்பிட்டாயா, புளிப்பு தின்றாயா என்று விசாரணை வேறு. நான் எல்லாவற்றையும் நிறுத்தினேன். நாக்கு செத்ததுதான் மிச்சம். அப்புறம் அவளே ஏதோ ஒரு விதையை அரைத்துக் கொண்டுவந்து, தடவிக்கொண்டு வெயிலில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். கன்னம் கொப்புளித்து, தோல் வழன்று, கண்ணாடியைப் பார்க்கவே பயந்துகொண்டு கிடந்தேன்.

கொப்புளத்துக்காகத்தான் தோல் டாக்டரிடம் போனோம். அந்த அம்மாள் முதலில் கேட்டது, "இதுக்கு என்ன பேர் சொன்னாங்க உங்ககிட்ட?" என்றுதான். சொன்னேன். "அந்தப் பேரை இன்னையோட விட்டுடுங்க. அதுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. இது வெண்புள்ளி" என்றார். உடம்பைக் காவல் காக்கிற அணுக்களே ஆள் தெரியாமல், தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்களை அடித்துவிடுகின்றன, தொட்டால் ஒட்டாது, பாலும் மீனும் ஒன்றும் செய்யவில்லை. இப்படி ஒவ்வொன்றாகச் சொன்னார். தைராய்டையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ரத்தம் எடுக்க அனுப்பினார். "சரியாயிடுமா?" என்று கேட்டேன். "கொஞ்சம் திரும்பலாம், எல்லாம் திரும்பாமலும் போகலாம், திரும்பினது மறுபடி போகவும் செய்யலாம்" என்றார். இப்படி ஒரு பதிலைக் கேட்டுவிட்டு எனக்கு ஏன் நிம்மதியாக இருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அதுவரை எல்லாரும் கட்டாயம் சரியாகிவிடும் என்றுதான் சொல்லியிருந்தார்கள், அதனால்தானோ என்னவோ.

களிம்பு கொடுத்தார். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போய், குளிக்கிற அறை அளவுக்கு ஒரு பெட்டிக்குள் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்பேன். சுற்றிலும் நீல விளக்கு எரியும். மாதக்கணக்கில் நின்றேன். கன்னத்தில் பழுப்பு நிறம் புள்ளிப் புள்ளியாக முளைத்து, ஒன்றோடொன்று சேர்ந்து மூடிக்கொண்டது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் விரல்களும் உதடும் தலைகீழாக நின்றாலும் மாறவில்லை. அங்கே எல்லாம் அப்படித்தான், சீக்கிரம் கேட்காது என்றார் டாக்டர். ஒரு நாள் அந்தப் பெட்டிக்குள் நிற்கும்போது, இந்த நேரத்தில் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கலாமே என்று தோன்றியது. போதும் டாக்டர் என்றேன். "உங்க தோல், உங்க இஷ்டம். வெயிலுக்கு மட்டும் க்ரீம் போடாம வெளிய போகாதீங்க, வெள்ளை இடம் சீக்கிரம் சுட்டுரும்" என்றார். இன்றும் சாவியை மறந்தாலும் க்ரீமை மறப்பதில்லை.

அதற்குப் பிறகு நான் நன்றாகவே இருக்கிறேன். கடை முகப்பில் நான்தான் உட்காருகிறேன். ஒருவர் என் கையிலிருந்து படக் கவரை வாங்கத் தயங்கி, மேஜையில் வைக்கச் சொன்னார். "பயப்படாதீங்க சார், ஒட்டாது. ஒட்டறதா இருந்தா முதல்ல என் வீட்டுக்காரர் மேல ஒட்டியிருக்கும். அவர் எப்படி இருக்கார் பாருங்க, தார் ரோடு மாதிரி" என்றேன். உள்ளேயிருந்து அவர் "ஏய்!" என்றார். வந்தவர் சிரித்துக்கொண்டே கையில் வாங்கிக்கொண்டு போனார்.

இப்படி ஊருக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு இருக்கிறவளுக்கு, சொந்த வீட்டில் ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. குடும்பப் படம் எதில் பார்த்தாலும் எனக்கு அந்தப் பழைய முகம்தான். மகள் கல்யாணப் படத்தில்கூட. நான் கேட்டதில்லை. கேட்டால், "உன்னை இப்படிக் காட்ட எனக்குக் கூச்சமா இருக்கு" என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அதைக் கேட்பதற்குக் கேட்காமலே இருக்கலாம் என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு அது ஜன்னலில் ஒட்டிக்கொண்டு என் மகளுக்கும் எனக்கும் நடுவில் வந்து நிற்கிறது.

கடையைத் திறந்து விளக்குகளைப் போட்டார். நான் முக்காலியில் உட்கார்ந்தேன். அவர் வழக்கப்படி இடது பக்கத்து விளக்கைத் தள்ளி வைத்தார்.

"அதை ஏன் நகர்த்தறீங்க?"

"அப்பதான் அந்தப் பக்கம் கொஞ்சம் நிழல்..." என்றவர் பாதியில் நிறுத்தி, விளக்கைப் பழைய இடத்துக்கே இழுத்து வந்தார். படம் எடுத்தார். கணினியில் ஏற்றினார். நான் அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன். திரையில் என் முகம் முழுசாக வந்தது. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

"நல்லா வந்திருக்கு. அளவு மட்டும் வெட்டறேன். மூடறதுக்குள்ள போயிடலாம், கவலைப்படாத" என்று பேசிக்கொண்டே போனார். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், வாயோரத்து வெள்ளை காணாமல் போகிறது!

"கையை எடுங்க!"

கடையே அதிர்கிற மாதிரி கத்திவிட்டேன். அவர் சுட்டுக்கொண்டவர் போலக் கையை எடுத்தார். திரையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். திருதிருவென்று விழித்தார்.

"நானா பண்ணினேன்?"

"பின்ன உங்க அக்காவா வந்து பண்ணினாங்க? அவங்க ஒருத்தர்தான் பாக்கி!" இனி கேட்காமல் இருக்க முடியாது. "என்னைப் பார்க்க உங்களுக்கு அவ்வளவு கஷ்டமா இருக்கா? சொல்லிடுங்க. நான் ஊருக்குப் போறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க."

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"என்னம்மா பேசற நீ?" என்றார். "பாப்பாவோட ஸ்கூல் விழாவுல ஒரு படம் எடுத்தேனே, நினைவிருக்கா? அதைப் பார்த்துட்டு நீ கிழிச்சுப் போட்ட. அன்னைக்கெல்லாம் சாப்பிடல. அடுத்த தடவை எடுத்ததுல அதையெல்லாம் அழிச்சுட்டுக் கொடுத்தேன். நீ ஒண்ணும் சொல்லல. உட்கார்ந்து சாப்பிட்ட. சரி, இப்படிக் கொடுத்தா சாப்பிடறாளேன்னு நானும் அப்படியே கொடுத்துட்டு இருக்கேன். நிறுத்துன்னு நீ சொல்லவே இல்லியே."

நான் போய் முக்காலியில் உட்கார்ந்தேன்.

கிழித்தது உண்மைதான். அழுததும் உண்மை. ஆனால் எப்போது அழுகையை நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாதே, இவருக்கு எப்படித் தெரியும்? டாக்டரிடம் போதும் என்று சொன்னேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். வீட்டுக்காரரிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை. இந்த மனிதர் நான் பட்டினி கிடந்த அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருஷமாக எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறார்.

"நான் நல்லா சாப்பிடறேனே" என்றேன். "என் உடம்பைப் பார்த்தா பட்டினி கிடக்கறவ மாதிரியா தெரியுது?"

அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "இல்ல" என்றார், கொஞ்சம் அவசரமாகவே.

"அப்ப நிறுத்துங்க. எனக்கு இந்த முகம் போதும். பாப்பாவோட பிள்ளை பிறந்ததும் பார்க்கப்போறது இந்த முகத்தைத்தான்."

அவர் திரைப் பக்கம் திரும்பி, அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தார். அச்சுப் போடும்வரை இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை, தேடிப் பார்க்க நேரமும் இல்லை. படம் காய்வதற்குள் கவரில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினோம்.

அலுவலகக் காவலாளி ஒரு கதவைச் சாத்தி, மற்றதில் கை வைத்திருந்தார். "அண்ணே, அண்ணே!" என்று மூச்சு வாங்க நான் ஓடின ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் வழி விட்டார். ஜன்னல் பெண் பையை எடுத்துத் தோளில் மாட்டியிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவள் நன்றாக இருக்க வேண்டும்.

படத்தை வாங்கி மெஷினில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

"இப்ப நீங்க நீங்களா இருக்கீங்க" என்றாள். நான் ஜன்னல் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகளைப் பார்க்கப் போகிறேன் என்று அப்போதுதான் நம்பிக்கை வந்தது, கண் கலங்கிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு மேடம். அடையாளக் குறின்னு ஒரு கட்டம் காலியா இருக்கு. முகத்துல என்ன இருக்கோ அதைப் போட்டுடலாம், அங்க இறங்கும்போது யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. எங்கெங்க இருக்குன்னு சரியாச் சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். பார்த்தால், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்ணைச் சுற்றி என்றால் எவ்வளவு தூரம்? வாயோரம் என்றால் எந்த வாயோரம்? கண்ணாடியில் பார்க்கிற பக்கமா, மற்றப் பக்கமா? என் முகத்தை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்து வெகு நாளாகிவிட்டது. கை தன்னால் கன்னத்தைத் தடவியது.

"இடது கண்ணு" என்றார் என் வீட்டுக்காரர். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஜன்னல் பெண்ணைப் பார்த்தே சொன்னார். "மேல் இமை முழுக்க. கீழ மூக்குப் பக்கம் அகலமா ஆரம்பிச்சு, காதுப் பக்கம் போகப் போக ஒடுங்கிடும். புருவத்தோட கடைசியில கொஞ்சம் முடி மட்டும் வெள்ளை. அப்புறம் உதடு, வலது ஓரம். மேல கோடு மாதிரி இருக்கும், கீழ அரைவட்டமா இறங்கும். சிரிச்சா அந்த அரைவட்டம் நிமிர்ந்துக்கும். தாடைக்கு அடியில ஒண்ணு இருக்கு. தலையைத் தூக்கினாத்தான் தெரியும். அது போன வருஷம்தான் வந்துது."

தாடைக்கு அடியில் இருப்பது எனக்கே தெரியாது.

ஜன்னல் பெண் தட்டச்சு செய்வதை எப்போதோ நிறுத்தியிருந்தாள். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பார்க்கப் பிடிக்காமல்தான் அழிக்கிறார் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேனே, என்னை இவ்வளவு பார்த்தவர்கள் உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பிடித்துக்கொண்டேன். என் வெள்ளை விரல்களும் அவருடைய தார் ரோடும் ஜன்னல் பலகையின் மேல் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி இருந்தன.

"அவ்வளவுக்கு இடம் இல்ல சார்" என்றாள் அந்தப் பெண், தொண்டையைச் செருமிக்கொண்டு. "ஏதாவது ஒண்ணு சொன்னாப் போதும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "எதைப் போடச் சொல்ல?" என்று கேட்டார்.

"உங்களுக்கு எது பிடிக்கும்?" என்றேன்.

அவருக்கு அந்த வயசிலும் வெட்கம் வந்துவிட்டது. காவலாளி வேறு பார்த்துக்கொண்டிருந்தார். என் கையை விடாமலே ஜன்னலுக்குக் குனிந்து, மெதுவாக, "உதட்டோரம் போட்டுக்கோங்கம்மா" என்றார்.